மறந்துவிட்டேன் எனக் கையெழுத்திடவும்

நாடு சின்னது, அதன் அரசியலமைப்புச் சட்டம் பெரியது. ஆளை அளவெடுத்துத் தைக்காமல், கடையில் இருந்ததிலேயே பெரிய சட்டையாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட்டார்கள். அதில் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்த பகுதி அதிகாரப் பிரிவினை. சட்டம் போடுகிறவர் அதை நடத்தக்கூடாது, நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, தீர்ப்புச் சொல்கிறவர் சட்டம் போடக்கூடாது. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் ஜனங்களின் கதி அதோகதி. நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே மாளிகையின் முதல் மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் சட்டசபை, இரண்டாவதில் நிர்வாகம், மூன்றாவதில் நீதிமன்றம். மூன்று கதவு, மூன்று தண்ணீர்க் குடம், மூன்று கடிகாரம். ஓர் அதிகாரத்தின் கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு அதிகாரம் மணி திருத்தினால் அது தலையீடு ஆகிவிடும் என்பதால், சட்டசபையில் பத்து மணி ஆகும்போது நீதிமன்றத்தில் ஒன்பதே கால்தான் ஆகியிருக்கும். ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினார்கள். மூன்று அதிகாரங்களும் ஒரே பெட்டிக்குள் போய் உட்காருவதா என்று யாரோ ஒருவருக்குத் திடுக்கென்று தோன்றவே, அதைத் துணி போட்டு மூடி அலமாரியில் பூட்டிவிட்டு, அறைக்கு ஒன்றாக மூன்று டைப்ரைட்டர் வாங்கிப் போட்டார்கள்.

டைப்பிஸ்ட் மட்டும் ஒருவர்தான். முன்பு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். பதவியை உருவாக்குவது சட்டசபையின் வேலை, ஆளைப் போடுவது நிர்வாகத்தின் வேலை, போட்டது சரியா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. யார் முதலில் ஆரம்பிப்பது என்பது பற்றிய வழக்கு பதினோரு வருடமாக நடக்கிறது. மிஞ்சியிருந்தவர்தான் நம் டைப்பிஸ்ட். காலையில் முதல் அறை, மதியம் இரண்டாவது, சாயங்காலம் மூன்றாவது. நாட்டின் சட்டம், ஆணை, தீர்ப்பு எல்லாம் அவருடைய பத்து விரல் வழியாகத்தான் வெளியே வந்தன.

இது கலப்பு ஆகாதா என்றால், ஆகாது. அதற்குத்தான் தாழ்வாரத்தில் ஒரு கைகழுவும் தொட்டியும் ஒரு மேஜையும் ஒரு காவலரும் இருந்தார்கள். மேஜைமேல் மறதிப் பதிவேடு. ஓர் அறையை விட்டு வெளியே வந்ததும் டைப்பிஸ்ட் கையைக் கழுவிக்கொண்டு, "இந்த அறையில் நான் டைப் அடித்த அனைத்தையும் மறந்துவிட்டேன்" என்ற வரிக்கு நேரே நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த அறை. அவரும் உண்மையாகவே மறந்துகொண்டுதான் வந்தார். பழக்கம் முற்றிப்போய், வீட்டில் வாங்கி வரச் சொன்ன சோப்பைக்கூட மறந்துவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டைப்பிஸ்ட் கெட்டது ஒரு வியாழக்கிழமை மதியம்.

பூங்கா பெஞ்சுகளில் படுத்துத் தூங்குவதைத் தடுக்கும் சட்டத்தை அன்று காலைதான் முதல் அறையில் நிறைவேற்றினார்கள். அதன் நகல் முறைப்படி இரண்டாவது அறைக்கு வந்து சேர நாற்பது நாள் ஆகும். நடுவில் இருபது அடி தாழ்வாரம். நிர்வாகத்தின் தலைமைச் செயலருக்கோ அவசரம். காற்றுவாக்கில் விஷயம் தெரிந்து, அன்றைக்கே நாலு பேரையாவது பெஞ்சிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று ஆணை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூங்கா பெஞ்சு சட்டம், பிரிவு... பிரிவு... அட, எத்தனாவது பிரிவு அது? நாக்குலயே நிக்குது" என்று அரை மணி நேரமாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைப்பிஸ்டின் விரல்கள் விசைமேல் காத்திருந்தன. பசி வேறு. வாய் தானாகத் திறந்தது.

"பதினேழுங்க ஐயா."

செயலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

"பதினேழுன்னு சொன்னே. உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்றால், மறக்கவில்லை என்று ஆகும். மறக்கவில்லை என்றால், பதினோரு வருடக் கையெழுத்து பொய் என்று ஆகும். அவர் டைப்ரைட்டரில் இருந்த காகிதத்தை நேராக்கினார். செயலர் ஆணையில் 'பிரிவு பதினேழு' என்று சேர்த்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, நாலு பேரை எழுப்ப ஆள் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வருத்தப்பட்டார்.

"முந்நூறு வருஷமா அறிவாளிங்க ரத்தம் சிந்திக் கட்டின சுவருப்பா இது. நீ ஒரு வார்த்தையில ஓட்டை போட்டுட்டியே! உம் மேல எனக்குக் கோபமே இல்லை. அரசியலமைப்பை நினைச்சாத்தான் அழுகை வருது."

மறுநாள் காலை டைப்பிஸ்ட் முதல் அறைக்குப் போனார். நினைவில் வைத்திருப்பது குற்றம் என்று அதுவரை எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் குறையை அன்று நீக்கினார்கள். சபைத் தலைவர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார்.

"எந்த ஒரு டைப்பிஸ்டும், ஓர் அறையில் அறிந்ததை மற்றோர் அறையில் நினைவுகூர்ந்தால், அது அதிகாரக் கலப்புக் குற்றமாகும். இச்சட்டம் நேற்று மதியத்திலிருந்து நடைமுறைக்கு வருகிறது."

டைப்பிஸ்ட் கையைத் தூக்கினார்.

"ஐயா... நாட்டுல டைப்பிஸ்ட் நான் ஒருத்தன்தானுங்களே."

"அப்படியா?" என்று தலைவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. நாங்க பொதுவாத்தான் சட்டம் போடுவோம். தனி மனுஷனை நாங்க பார்க்கிறதே இல்லை. பார்த்துட்டா மனசு கேக்காது, சட்டமே போட முடியாது. மனுஷன் முகத்தைப் பார்க்காம முப்பது வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், அதுதான் என் பெருமை."

பிறகு தண்டனையைப் பற்றி விவாதம் நடந்தது. ஓர் உறுப்பினர் மூன்று வருடம் போதும் என்றார். மூன்று என்றால் மூன்று அதிகாரங்களையும் கேலி செய்வதுபோல் இருக்கும் என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். பத்து என்றார் ஒருவர். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறதே என்று எல்லோரும் ஏழுக்கு ஒப்புக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் 'ஏழு' என்று அடித்தார். மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டோடு ஏழைக் கூட்டிப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு வந்தது. வெளியே வந்து கையைக் கழுவி, எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். பேனா மூன்று தடவை வழுக்கியது.

இரண்டாவது அறையில் செயலர் காத்திருந்தார். "ஒரு அறிக்கை அடிக்கணும்" என்று ஆரம்பித்தார். அதிகாரக் கலப்புச் செய்த டைப்பிஸ்ட் எங்கிருந்தாலும் தேடிக் கண்டுபிடித்து நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது சாரம்.

"ஆளோட விலாசம் தெரியலை. 'இருப்பிடம் தெரியவில்லை'ன்னு போட்டுடு."

"ஐயா, நான் இங்கதானே..."

"ஷ்ஷ்!" செயலர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "நீ யாருன்னு எனக்குத் தெரியும். என் நாற்காலிக்குத் தெரியாது. நாற்காலி விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்குத் துணையா இருக்கிறது உன் கடமை. டைப் அடி."

நாற்காலி விசாரித்துக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் டைப்பிஸ்ட் தினமும் செயலரின் எதிரே உட்கார்ந்து, தன்னைப் பற்றித் துப்பு எதுவும் கிடைக்கவில்லை என்ற அறிக்கைகளை அடித்துக் கொடுத்தார். நாலாம் நாள், நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் அறிக்கை அவர் வீட்டுக்குப் போனது.

மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாளெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதால் எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. டைப்பிஸ்ட் வீட்டுக்குள் நுழைந்ததும் காகிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

"தெரியலையே."

"தெரியலையா? கீழ ஓரத்துல பாருங்க, 'த'வுக்கு வால் பாதிதான் விழுந்திருக்கு. உங்க மிஷின்ல அப்படித்தானே விழும்? நீங்கதானே அடிச்சீங்க?"

"ஞாபகம் இல்லை."

"எங்கிட்டயுமா?" என்றாள். மகளின் சீருடையை எடுத்து, ஏற்கெனவே மடிப்புக் கலையாமல் இருந்ததை மறுபடியும் மடித்தாள். டைப்பிஸ்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் மூன்று அறைகளுக்கு வெளியே இருப்பது நாலாவது அறைதானே, வீட்டில் நினைவுகூர்ந்தாலும் ஏழு வருடம்தானோ என்று பயம் வந்தது. அந்தச் சட்டத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவர் நாட்டிலேயே அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அவர் தூக்கத்தில் ஏதாவது உளறிவிடக்கூடாதே என்று வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தார்.

விசாரணை வந்தது. மூன்றாவது அறையில் கூண்டு ஒரு மூலையில், டைப்ரைட்டர் எதிர் மூலையில். கேள்வியைக் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டு, இறங்கி ஓடி எதிர் மூலையில் உட்கார்ந்து அடித்துவிட்டு, மறுபடி ஓடிவந்து கூண்டில் ஏறி அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லையே.

"பிரிவு எண் பதினேழுன்னு நீங்க சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

இருக்கிறது என்றால் குற்றம் அங்கேயே நிரூபணம். இல்லை என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்ன குற்றம், அதற்குத் தனியாக இரண்டு வருடம். முன் வாசலில் புலி, கொல்லையில் பாம்பு.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றார் டைப்பிஸ்ட்.

"பதிவு செய்யவும்" என்றார் நீதிபதி.

டைப்பிஸ்ட் இறங்கி ஓடி, 'குற்றம் சாட்டப்பட்டவர் பயப்படுகிறார்' என்று அடித்துவிட்டு வந்து ஏறினார். மூச்சு இரைத்தது.

வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "கனம் நீதிபதி அவர்களே, எல்லாத்தையும் மறந்தவன் எதுக்குப் பயப்படணும்? ஞாபகம் இருக்கிறவனுக்குத்தான் பயம். எங்க தரப்பு வாதம் முடிஞ்சது." அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். டைப்பிஸ்டுக்கே அது நியாயமாகப் பட்டது, அதுதான் கொடுமை.

தீர்ப்பை மறுநாள் நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்டே அடித்தார். பன்னிரண்டு பக்கம். மனித நினைவின் ஆபத்துகளைப் பற்றி மட்டும் ஐந்து பக்கம். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நீதிபதி எழுந்து சோம்பல் முறித்தார்.

"'ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவர்'னு அடிச்சிட்டு நிறுத்து."

"அப்புறங்க ஐயா?"

"அப்புறம் இடம் விடு."

"எவ்வளவுங்க ஐயா?"

"தண்டனைக்கும் போதணும், விடுதலைக்கும் போதணும்." மேல்கோட்டை மாட்டிக்கொண்டே நீதிபதி சொன்னார், "நான் டிபன் சாப்பிடப் போறேன். போன் வரும். சொல்றதை அப்படியே அடிச்சு வை. யார் பேசினாங்கன்னு எங்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா நான் ஒருத்தர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவன்னு ஆயிடும். இத்தனை வருஷத்துல என்னை யாரும் அசைச்சதில்லை, தெரியுமா? அந்த டெலிபோனை நான் தொட்டதே கிடையாது."

உண்மைதான். பதினோரு வருடமாக அதைத் தொட்டவர் டைப்பிஸ்ட் மட்டும்தான். கேட்டதைக் கடைசி வரியில் அடிப்பார், கையைக் கழுவுவார், மறப்பார். அந்த வரிகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்துப் பார்த்தார். எத்தனை பேர் இருக்கும்? எத்தனை பேருக்கு வீட்டில் பிள்ளை இருந்திருக்கும்? உண்மையாகவே ஞாபகம் இல்லை. அவருக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது.

டெலிபோன் மணி அடித்தது.

"ஏழு அடிச்சுக்கோ" என்றது செயலரின் குரல்.

"சரிங்க ஐயா."

"திருப்பிச் சொல்லு."

"ஏழு, ஐயா."

"நல்லது. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியங்க ஐயா."

ரிசீவரை வைத்தார். எதிரே பாதி வெள்ளையாகக் கிடந்த வரி. வெளியே காவலர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிற சத்தம். டைப்பிஸ்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினோரு வருடத்தில் சொன்னதற்கு மாறாக ஓர் எழுத்துகூட அடித்தவரில்லை. சொந்தக் கல்யாணப் பத்திரிகையைக்கூட மாமனார் சொன்னபடிதான் அடித்தார். இப்போது விரல்கள் விசைமேல் இருந்தன, ஆனால் அவை யார் பேச்சையும் கேட்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். 'விடுதலை செய்யப்படுகிறார்' என்று அடித்தார். அடித்த சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார்.

நீதிபதி திரும்பி வந்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தான் எழுதிய தீர்ப்பைத் தானே மறுபடி படிப்பது மேல்முறையீட்டுக்குச் சமம், அது மேல் நீதிமன்றத்தின் அதிகாரம் என்பது அவருடைய கொள்கை.

மறுநாள் கூட்டம் நிரம்பி வழிந்தது. தீர்ப்பைப் படிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே டைப்பிஸ்டைக் காலையிலேயே காவலில் எடுத்துக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டிருந்தாள். நீதிபதி பதினோரு பக்கம் படித்தார். பன்னிரண்டாவது பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது அவருடைய புருவம் கொஞ்சம் ஏறியது. ஆனால் படித்த குரல் தடுமாறவில்லை.

"ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்படுகிறார்."

செயலர் சபைத் தலைவரைப் பார்த்தார். தனக்குப் பிறகு இவர் போன் பண்ணியிருப்பாரோ என்று செயலருக்குச் சந்தேகம். கடைசி நேரத்தில் செயலர் மனசு மாறிவிட்டாரோ என்று தலைவருக்கு. இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால், போன் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நீதிபதிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மூன்று பேரும் மாளிகைப் படியில் நின்று பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்தார்கள். சட்டம் தன் வேலையைச் செய்தது, நிர்வாகம் தன் வேலையைச் செய்தது, நீதி தன் வேலையைச் செய்தது, ஒருவர் மற்றவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டைப்பிஸ்டைக் கீழ்த்தளத்துக் காவல் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தீர்ப்புச் சொல்வதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. ஆளை வெளியே விடுவது நிர்வாகத்தின் வேலை. "அரை மணி நேரம் சார். மேல இருந்து விடுதலை ஆணை வந்ததும் கதவைத் திறந்துடறேன்" என்றார் காவலர். அவருக்கும் சந்தோஷம்தான், டீ வாங்கிக் கொடுத்தார்.

அரை மணி நேரம் நாலு மணி நேரமாயிற்று. சாயங்காலம் செயலரே இறங்கி வந்து கம்பிக்கு வெளியே நின்றார்.

"ஒரு சின்னச் சிக்கல். ஆணையை டைப் அடிக்கணும்."

"நான் அடிச்சுத் தரேங்க ஐயா. மிஷினைக் கொண்டுவரச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம்."

"அதெப்படிப்பா? காவலில் இருக்கிறவன் அரசாங்க இயந்திரத்தைத் தொடக்கூடாது."

"அப்ப நீங்க கையால எழுதிக் கொடுங்க ஐயா."

"கையால எழுதினா அது என் சொந்த அபிப்பிராயம். டைப் அடிச்சாத்தான் அரசாங்கம்."

"வேற ஆளைப் போட்டு அடிக்கச் சொல்லுங்க ஐயா!"

"இடம் காலி இல்லையே. உன்னைத் தண்டிச்சிருந்தா வேலையை விட்டு நீக்கியிருக்கலாம், புது ஆளும் போட்டிருக்கலாம். நீதிமன்றம் உன்னை நிரபராதின்னு சொல்லிடுச்சு. தீர்ப்புல நாங்க தலையிட முடியுமா?" செயலர் கம்பியில் கை வைத்து, உண்மையான கனிவோடு சொன்னார். "நீ குழப்பிக்காதே. உள்ள இருக்கிறது கைதி. டைப்பிஸ்ட் வேற, கைதி வேற. டைப்பிஸ்ட் வேலைக்கு வரட்டும், வந்ததும் முதல் வேலையா உன் விடுதலை ஆணையைத்தான் அடிக்கச் சொல்வேன். என் வாக்கு."

படியேறப் போனவர் திரும்பி நின்றார். "அவன் இன்னைக்கு வேலைக்கே வரலை, தெரியுமா? விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பணும். அடிக்க ஆளில்லை, அதனால தப்பிச்சான்."

மூன்றாவது நாள் மனைவி வந்தாள். வெளுத்து மடித்த சட்டையும் வேட்டியும் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று மகள் எடுத்துக் கொடுத்தவை. கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் செயலர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சட்டசபை என்றார், நிர்வாகம் என்றார், நாற்காலி என்றார், தலையிட முடியாது என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி வருவதுபோல் இருந்தது. அப்படிப் பொருந்தியதுதான் அவரைப் பயமுறுத்தியது. எந்த இடத்திலும் ஒரு சந்து இல்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு விடுதலைன்னுதானே படிச்சாங்க?"

"ஆமா."

"நீங்க தப்பு பண்ணலைன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப எழுந்து வாங்களேன்" என்றாள்.